பிரிண்டர் நலமாக இருக்கிறது. லினக்ஸ் கணினி மட்டும் அச்சிடாதது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே லேசர் பிரிண்டரை ரூட்டர் வழியாக எல்லாக் கணினிகளும் பயன்படுத்துகின்றன. அண்மையில் ஏற்பட்ட மின்தடைக்குப் பிறகு, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினியிலிருந்து மட்டும் அச்சு வருவதில்லை. விண்டோஸ் கணினிகளில் சிக்கல் எதுவும் இல்லை. பிரிண்டரின் முகவரிக்குப் பிங் (அங்கே சாதனம் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுத்தால் பதில் வருகிறது. டிரைவரை (கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருளை) நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டிரைவரை இனித் தொட வேண்டாம். மின்தடைக்கு முந்தைய நாள்வரை ஒழுங்காக அச்சிட்ட டிரைவர், மின்சாரம் போய் வந்ததால் கெட்டுவிடாது. மின்தடையின்போது மாறியிருக்கக்கூடியது பிரிண்டரின் ஐபி முகவரிதான், அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண். ரூட்டர் அணைந்து மீண்டும் எழும்போது, தன்னிடம் கேட்கும் சாதனங்களுக்குப் புதிதாக முகவரிகளை வழங்குகிறது, முன்பு 192.168.1.40 என்ற முகவரியில் இருந்த பிரிண்டர் இப்போது 192.168.1.43-க்குப் போயிருக்கலாம், பழைய முகவரி யாருடைய கைப்பேசிக்காவது கிடைத்திருக்கலாம். அப்படியானால் உங்கள் பிங்கிற்குப் பதில் தருவது அந்தக் கைப்பேசியே. பிங் பதில், அந்த முகவரியில் ஏதோ ஒரு சாதனம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்; அது பிரிண்டர்தானா என்பதைக் காட்டாது. விண்டோஸ் கணினிகள் தப்பித்ததற்கு, அவை பிரிண்டரை முகவரியால் அல்லாமல் வலையமைப்பில் தேடிக் கண்டுபிடிக்கும் வகையில் அமைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம்.

இதை உறுதிசெய்வது எளிது. பிரிண்டரின் மெனுவிலிருந்தே அதன் வலையமைப்பு விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள முகவரியைப் பிரவுசரில் தட்டுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அவற்றின் அமைப்புப் பக்கம் திறக்கும். பிறகு அதே உபுண்டு கணினியில் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்று தட்டினால், அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பக்கம் வரும். 1999-இல் வெளியாகி, 2002-இல் ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலும் இடம்பெற்ற இந்தக் கப்ஸ்தான் இன்று லினக்ஸ், பிஎஸ்டி கணினிகளிலும் பரவலாக உள்ளது என்பதால், இங்கே கற்பது பல இடங்களில் உதவும். அதில் உங்கள் பிரிண்டரின் பெயரைச் சொடுக்கி, இணைப்பு என்ற இடத்தில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. 'மாடிஃபை பிரிண்டர்' வழியே புதிய முகவரியைக் கொடுங்கள். ஆப்சாக்கெட் வகை (பிரிண்டருக்கு நேரடியாகத் தரவை அனுப்பும்) இணைப்பு என்றால், முகவரியுடன் சேரும் போர்ட் எண் வழக்கமாக 9100.

முகவரியைத் திருத்திய பிறகும் சிலருக்கு அச்சு வராது. பலரும் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். கப்ஸ் ஒவ்வொரு பிரிண்டருக்கும் இரண்டு நிலைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது: புதிய பணிகளை ஏற்கிறதா என்பது ஒன்று, ஏற்ற பணிகளைப் பிரிண்டருக்கு அனுப்புகிறதா என்பது மற்றொன்று. பணி தோற்றால் என்ன செய்வது என்பதை 'எரர் பாலிசி' என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அது 'ஸ்டாப் பிரிண்டர்' என்று இருந்தால், தோல்விக்குப் பின் அனுப்புவது நின்றுவிடும், ஏற்பது மட்டும் தொடரும். ஆவணம் அனுப்பப்பட்டதாக நம் மென்பொருள் சொல்ல, காகிதம் மட்டும் வராமலிருப்பது இதனால்தான். கோளாறு நீங்கினாலும் இந்த நிறுத்தம் தானாக நீங்காது. 'ரெஸ்யூம் பிரிண்டர்' என்பதை நாமே சொடுக்க வேண்டும். அதற்கு முன், தேங்கிக் கிடக்கும் பழைய பணிகளை ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிரதிகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து காகிதம் வீணாகும். கூடவே 'எரர் பாலிசி'யை 'ரீட்ரை ஜாப்' என்று மாற்றிவிடுவது, மின்தடை அடிக்கடி நேரும் இடங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அடுத்த மின்தடையில் இதே சிக்கல் திரும்பாதிருக்க, ரூட்டரின் டிஹெச்சிபி (முகவரி வழங்கும்) பகுதியில் பிரிண்டரின் மேக் (MAC) முகவரிக்கு, அதாவது சாதனத்தின் வலையமைப்பு வன்பொருளுக்கு உரிய அடையாள எண்ணுக்கு, ஒரு ஐபி முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். மேக் முகவரியும் நீங்கள் அச்சிட்ட விவரப் பக்கத்திலேயே இருக்கும்.

முகவரி தொடக்கத்திலேயே பொருந்தியிருந்து, அச்சுப் பணிகளின் வரிசையும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்து, அப்போதும் அச்சு வரவில்லை என்றால், கப்ஸ் பக்கத்தின் நிர்வாகப் பகுதியில் பிழைப் பதிவை விரிவாக எழுதும் தெரிவை இயக்கி, ஒரே ஒரு பக்கத்தை அனுப்பிப் பாருங்கள். பிழைப் பதிவில் 'ஃபில்டர் ஃபெயில்டு' என்ற வரி வந்தால் மட்டுமே டிரைவரைச் சந்தேகிக்க இடமுண்டு. அந்த வரிக்கு முந்தைய சில வரிகளையும் பிரிண்டரின் மாடலையும் எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.