காஸியை மூழ்கடித்தது யார்?

2017-இல் வெளியான 'காஸி' திரைப்படத்தில் வருவதுபோல், இந்திய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுதான் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலான காஸியை டார்பிடோவால் (நீருக்கடியில் பாயும் ஏவுகுண்டால்) தகர்த்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்தியக் கடற்படையே அப்படி உரிமை கோரியதில்லை. படத்தில் வரும் எஸ்-21 என்ற எண் ஐ.என்.எஸ். கரஞ்ச் என்ற உண்மையான கப்பலுடையது. கடலடியில் நடக்கும் அந்த மோதலோ முழுக்கக் கற்பனை.

இந்திய-பாகிஸ்தான் போர் மூளவிருந்த 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட காஸி, இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே, தன்னுள் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. இதுவரை சொன்னவற்றில் சர்ச்சை இல்லை. காரணத்தில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. துறைமுகத்திலிருந்து வெளியேறிய இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத், எதிரே கடல்நீர் கலங்குவதைக் கண்டு ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது என்பதும், அதன் பின்னர் நகரமே உணரும்படி பெருவெடிப்பு நிகழ்ந்தது என்பதும் இந்தியத் தரப்பு. காஸி தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. மின்கலங்களுக்கு மின்னேற்றும்போது சேர்ந்த ஹைட்ரஜன் வாயு வெடித்திருக்கலாம் என்போரும் உண்டு.

கப்பலுக்குள்ளேயே வெடிப்பு நிகழ்ந்தது என்ற பக்கமே நான் சாய்கிறேன். சிதைந்து கிடப்பது கப்பலின் முன்பகுதி. டார்பிடோக்கள் இருந்த முக்கிய இடமும் அதுதான். ராஜ்புத் வீசிய குண்டுகளின் அதிர்வு அவற்றைத் தூண்டியிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் படம் தவறவிட்டதாக நான் வருந்துவது வேறொன்று. கிழக்குக் கடற்படைத் தலைவராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். கொதிகலனில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்த விக்ராந்தை அவர் அந்தமான் பக்கம் மறைத்துவைத்துவிட்டு, ராஜ்புத்தை விக்ராந்தாக நடிக்கச் செய்தார். பெருங்கப்பலுக்கு உரிய அளவில் வானொலிச் செய்திகள் பறந்தன. ஒரு மாலுமி தன் தாயின் உடல்நலம் விசாரிக்கும் தந்திகூட, ஒட்டுக்கேட்பவர்கள் நம்பட்டும் என்பதற்காகவே வெளிப்படையாக அனுப்பப்பட்டது. சந்தையில் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்கப்பட்டன. உளவாளிகள் காதில் அது விழவேண்டும் என்பதே நோக்கம். எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் இதைவிட நல்ல கரு கிடைக்காது.

கப்பலுக்குள் நிலவும் நெருக்கடியைப் படம் நன்றாகவே காட்டியிருக்கிறது. விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குனிந்து, வட்டக் கதவுகளில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நகர்ந்தவர்களுக்கு அது புரியும். எனினும், கடலடியில் தேசிய கீதம் பாடி எதிரியைச் சீண்டும் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. இருப்பு தெரியாமல் மௌனம் காப்பதுதான் அங்கே உயிர்காக்கும் முதல் விதி.

காஸி எதனால் வெடித்திருந்தாலும், விக்ராந்த் இல்லாத துறைமுகத்தின் வாசலுக்கு அதை வரவழைத்தது கிருஷ்ணனின் திட்டமே. விக்ராந்தின் விமானங்கள் டிசம்பர் 4 அன்றே அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கத் தொடங்கிவிட்டன.