வைஃபையில் பேசினால் குரல் அறுபடுகிறது, மொபைல் டேட்டாவில் சரியாக இருக்கிறது

போனை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டினாலும் பயனில்லை. ஒரு குரல் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ், அதாவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, போதும். குரலைச் சுமந்துவரும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வந்து சேர்வதுதான் முக்கியம்.

நீங்கள் இருப்பது அடுக்குமாடி என்றால், அங்கே ரவுட்டரின் இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ் சந்தைக்கடைதான்: பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் அத்தனையும் அதில் இருக்கும், ஒன்றோடொன்று மோதாத சேனல்களோ (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 மட்டுமே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது.

உறுதிசெய்ய, நீங்கள் பேசும் இடத்திலேயே லேப்டாப்பை அதே வைஃபையில் இணைத்து, ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) அனுப்புங்கள். சில மில்லி விநாடிகளில் வரவேண்டிய பதில் அடிக்கடி 200 மில்லி விநாடியைத் தாண்டினால் கோளாறு வைஃபையில்தான். பிங் சீராக இருந்தும் குரல் அறுந்தால், வீட்டில் வேறு யாராவது பெரிய வீடியோவைப் பதிவேற்றி இணைய இணைப்பை அடைக்கிறார்களா என்று பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். இரண்டு சுவர் தள்ளியிருக்கும் படுக்கையறைக்கு அது எட்டாமல் போகலாம்.