டெல்டா ரோட்டுக்குப் பழைய ஹாட் ஹேட்ச்: எதை வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் சுகம் வேண்டும், கையில் ஆறு லட்சம்தான். பழைய ஹாட் ஹேட்ச் (சக்தி கூட்டிய சின்ன ஹேட்ச்பேக் கார்) வாங்கினால் அந்தச் சுகம் கிடைக்குமா? எந்த வண்டி, எதையெல்லாம் சோதிப்பது?

பாதி கிடைக்கும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே கேமன் மாதிரி வண்டிகளில் பின்சக்கரம் தள்ளுகிறது, முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். அதனால் ரோட்டின் சொரசொரப்பு ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது. வளைவு முடியும் இடத்தில் ஆக்ஸிலேட்டரை மெல்லக் கூட்டினால் பின்பக்கம் அழுந்தி வண்டி வெளியே பாயும். போர்ஷே 911-ல் என்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவுக்குள் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வீசப் பார்க்கும், அதைப் புரிந்து ஓட்டுவதே அந்த வண்டியின் ருசி. இந்தப் பாதி உங்கள் காசுக்குக் கிடைக்கும் ஹேட்ச்பேக்கில் வராது. முன்சக்கரமே இழுத்து முன்சக்கரமே திரும்பும்போது, வளைவில் அதிகம் மிதித்தால் மூக்கு வெளிப்பக்கம் போகும்.

மறு பாதி, எடை குறைந்த உடம்பு, நடு ஆர்பிஎம்மில் நல்ல இழுவை, சொன்ன சொல் கேட்கிற பிரேக். ஹாட் ஹேட்ச் என்ற பேரையே நிலைக்கச் செய்த 1976 கோல்ஃப் ஜிடிஐ சுமார் 810 கிலோ எடையில் 110 குதிரைத்திறன் கொண்டது. நம் ஊரில் பழசாகக் கிடைக்கும் பலேனோ ஆர்எஸ் 950 கிலோ, 102 குதிரைத்திறன். டெல்டா ரோட்டில் இதற்கு மேல் சக்தி செலவாக இடமே இல்லை.

மலை வளைவு கிடையாது, இருப்பதெல்லாம் ஆற்றங்கரை வளைவு. அடியில் களிமண், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் தார் ரோடு அலை அலையாக எழும்பித் தாழும். எண்பதில் போகும்போது ஒரு அலையில் ஏறிய வண்டி இறங்கி அமர்வதற்குள் அடுத்த அலை வந்துவிடும். ஆகவே இங்கே ஷாக் அப்சார்பர்தான் வண்டியின் குணம். தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய அலாய் வீல் போட்ட வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மாடல்களுக்கு வருவோம். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் வந்தது: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி (தானாகக் கியர் மாற்றும் கியர்பாக்ஸ்). நேர்ரோட்டில் அது நிலைத்து நிற்கும் அழகு தனி. பயம் கியர்பாக்ஸில்தான். அதன் இரட்டை கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச், நெரிசலில் ஊர்ந்தால் சூடேறித் தேயும். கும்பகோணம் மகாமகக்குளம் பக்கம் மாலை நெரிசல் மாதிரி ஓர் இடத்தில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் கிளட்ச் போகிறது. ரிவர்ஸும் இரட்டைப்படை கியர்களும் சேர்ந்து விழ மறுத்தால், அல்லது டிஸ்பிளேயில் கியர் எழுத்து மினுக்கினால், கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதன் செலவு வண்டி விலையில் கணிசமான பங்கு. 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆறு கியர் மேனுவல் (110 குதிரைத்திறன்) உங்கள் காசுக்குள் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

அபார்த் புன்ட்டோ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஹைட்ராலிக் ஸ்டியரிங். இந்த மூன்றில் ஓட்டுவதற்கு இதுதான் உயர்வு, கையில் பாரம் தெரியும். ஆனால் ஃபியட் இங்கிருந்து போய்விட்டதால் ஒரு சின்ன சென்சாருக்கும் வெளியூருக்குச் சொல்லி வைக்க வேண்டியிருக்கும். இதன் என்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரே வேலையாக முடிக்க வேண்டும். வேறொரு வண்டியும் வீட்டில் இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

பலேனோ ஆர்எஸ் (2017 முதல் 2020 வரை) ஸ்டியரிங் கொஞ்சம் லேசு, உணர்ச்சி குறைவு. ஆனாலும் தஞ்சாவூரில் ஒரே வண்டியாக வைத்திருக்க என் தேர்வு இதுதான். பாடி பாகங்கள் பெரும்பாலும் சாதா பலேனோவுடையவை, மன்னார்குடி மெக்கானிக்குக்கும் கை பழகியவை. ஒரு விஷயம்: பிரேக் பெடலுக்கு உதவும் வாக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று, 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரான 7,213 வண்டிகளை 2023 ஏப்ரலில் மாருதி திரும்ப அழைத்தது. சேஸி நம்பரைச் சொல்லி, அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இனி சோதனை. முதலில் வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்று சென்னை இரண்டு முறை மூழ்கியது. அங்கே நீரில் நின்ற வண்டி பாலிஷ் போட்டு மாவட்டத்துக் கன்சல்டிங்கில் நிற்க வாய்ப்பு உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உருளைக்குள் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேறு கண்ட வண்டியில் அங்கே காவிக் கோடும் மொடமொடப்பும் இருக்கும். பிறகு முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளப் போல்ட்டுகளில் துருவைப் பாருங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் கையை விட்டுத் தடவுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்க வண்டியானால் உப்புக் காற்றுத் துரு சைலன்சர் மூட்டிலும் அடித்தட்டின் வெல்டிங் ஓரத்திலும் தொடங்கியிருக்கும்.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானட் ஏற்கெனவே சூடாக இருந்தால் நாளை வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். 1.2 டிஎஸ்ஐயில் டைமிங் செயின் நீண்டிருந்தால் முதல் இரண்டு மூன்று வினாடி கரகரவென்று சத்தம் வரும், எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சூடான என்ஜினில் அது கேட்காது.

டர்போவுக்கு, மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதியுங்கள். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் ஒரே சீராக இழுக்க வேண்டும். உஸ்ஸென்று சத்தம் வந்து இழுவை சோர்ந்தால் ஹோஸ் எங்கோ பிளந்திருக்கிறது, அது சின்னச் செலவு. காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் டர்போ சீல் சந்தேகம், அது பெரிய செலவு. மேனுவலில் கிளட்ச் பார்க்க, ஐந்தாம் கியரில் ஐம்பதில் முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

சஸ்பென்ஷனைச் சோதிக்க தஞ்சாவூர்–திருவையாறு ரோட்டைவிட நல்ல இடம் இல்லை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். கரை உயரத்துக்கு ரோடு ஏறி, பாலத்து மூட்டில் தட்டி, மறுபக்கம் இறங்கும். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நாற்பதில் போங்கள். மூட்டில் ஒரே ஒரு ‘டப்’ கேட்டால் நல்லது. ‘டக்-டக்’ என்று இரட்டையாகக் கேட்டால் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கிறது. இறங்கியபின் உடம்பு ஒருமுறை எழுந்து அமர வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தீர்ந்துவிட்டது.

வாங்கிய முதல் மாதம் ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) பேச்சே வேண்டாம். உலர் கிளட்ச் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரைதான் தாங்க வடிவமைத்தது. ரீமேப் அந்த எல்லையை உரசினால் கியர்பாக்ஸ்தான் பலி. முதல் செலவு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியது பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போய் மழையில் பிடிக்காது. அடுத்து பிரேக் ஆயில். ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு புஷ்கள், அலைன்மெண்ட். இவை முடிந்தாலே பழைய வண்டி பாதி புதுசாகிவிடும்.

தை, மாசி அறுவடையில் தனிக் கவனம் வேண்டும். ரோட்டில் காயும் நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் கடகடக்கும், வண்டி நிற்காது. கேஜ் வீல் டிராக்டர் விட்டுப்போன சேறு காலைப் பனியில் எண்ணெய் மாதிரி வழுக்கும். அறுவடை மெஷின் பறக்கவிடும் சுணை ஏர் ஃபில்டரையும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதழ்களையும் அடைக்கும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து ஊதுங்கள். வைக்கோல் பரப்பிய ரோட்டைக் கடந்து வந்தால் வண்டியை ஓரங்கட்டி, குனிந்து அடியைப் பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்ட ஒரு பிடி வைக்கோல் தீப்பிடிக்கப் போதும். கொதிக்கும் இடம் அது, கையை விடாமல் குச்சியால் இழுத்துப் போடுங்கள்.