பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1905 வாக்கில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு) படித்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்தக் கால அரசிதழில் வந்த தேர்வு முடிவுகளில் தேடினேன், பெயரைக் காணோம். கதை விட்டிருப்பார்களோ?
– திருவாரூர் வாசகி

பதில்: அவசரப்பட்டுத் தாத்தாவைச் சந்தேகிக்காதீர்கள். நீங்கள் பார்த்தது தேறியவர்கள் பட்டியல். சேர்ந்தவர்கள் கணக்கு வேறு. கணித மேதை ராமானுஜன் 1904இல் அதே கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தவர்தான். கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார்; உதவித்தொகையும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேறவில்லை. உங்கள் வழியில் தேடினால் அவரும் கல்லூரி வாசலை மிதிக்காதவர் ஆகிவிடுவார்!

கல்லூரி அரசுடையது, ஆனால் தேர்வு நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். அதனால் முடிவு ஓரிடம், சேர்க்கை ஓரிடம். உங்களுக்கு வேண்டியது கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடு. நான் ஒரு அரசுக் கல்லூரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவன், அந்தத் தடித்த புத்தகத்தோடு நல்ல பழக்கம். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் குறுக்காக ஓடும் ஒரே வரி, ஒரு பையனின் முழுக் கதை: பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி. கடைசிக் கட்டத்தில் மாற்றுச் சான்றிதழ் எண்ணும் விலகிய தேதியும். பலரும் பார்க்காமல் விடுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பாதியில் நின்றவரா, படிப்பை முடித்தவரா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பின்னால் சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்தினால் சரி, அவர்தான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டுமா? மாணவரைத் தேடி என்றால் வேண்டாம். அங்கே இருக்கும் கல்வித் துறை அரசாணைகளில் பணியிடம், கட்டடம், செலவு என்றுதான் பேச்சு இருக்கும். 1854இல் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியான கும்பகோணம் கல்லூரியின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கு அது புதையல். ஆசிரியரைத் தேடுகிறவரும் அங்கே போகலாம். உ.வே.சாமிநாதையர் 1880இல் தமிழாசிரியர் தியாகராச செட்டியாரின் இடத்துக்கு வந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறும்வரை கும்பகோணம் கல்லூரியில்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அந்த வேலையில் இருந்தபோதுதான்.

கேள்வி: கல்லூரி அலுவலகத்தில் ‘பழசெல்லாம் இல்லை’ என்று கைவிரித்தால்?
– அதே வாசகி

பதில்: வாய்மொழியாகக் கேட்டால் அதுதான் பதில். சேர்ந்த ஆண்டு, பெயர், தகப்பனார் பெயர் குறிப்பிட்டு முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. ‘சேர்க்கைப் பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் உள்ளன?’ என்று முதலில் கேளுங்கள். ‘பழசு’ என்பதற்கு ஆண்டு போட்டுப் பதில் எழுத வேண்டுமென்றால், யாராவது பீரோவைத் திறந்துதானே ஆக வேண்டும்?