மகள் நச்சியல் படிக்க விரும்புகிறாள்: டர்பன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் நச்சியல், அதாவது எந்தப் பொருள் எந்த அளவில் உடலுக்குக் கேடு செய்யும் என்று ஆராயும் துறை, படிக்க ஆசைப்படுகிறாள். புரட்டாசி முழுக்க மரக்கறி சாப்பிடும் வீட்டுப் பிள்ளை எலியைக் கொல்லும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: ஆய்வின் கடைசி நாளில் எலிகளை வலியில்லாமல் உயிர்போக்கி, உறுப்புகளை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். இதை அவளிடம் மறைக்காதீர்கள். தெரியாமல் சேர்ந்த பிள்ளைகள்தான் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் இருக்கும் வேலை முழுவதும் தீவனம், தராசு, பதிவேடு. அவளுக்கு அது பொருந்துமா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

உணவில் ஒரு வேதிப்பொருளைக் கலந்து கொடுத்து 90 நாள் பார்க்கும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி (OECD) அமைப்பின் 408ஆம் சோதனை வழிகாட்டி இதற்கு உண்டு. மூன்று அளவுகளுக்கு மூன்று குழு, எதுவும் கலக்காத தீவனம் தின்னும் ஒப்பீட்டுக் குழு ஒன்று. குழுவுக்குக் குறைந்தது 10 ஆண், 10 பெண். ஆக 80 எலிகள். வாரம் ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும், தின்ற தீவனத்தையும் கணக்கெடுக்க வேண்டும்.

கணக்கு எங்கே தவறும் என்று பாருங்கள். கிலோ தீவனத்தில் 1000 மில்லிகிராம் பொருள் கலந்திருக்கிறது. 250 கிராம் எலி ஒரு நாளில் 20 கிராம் தின்றால் அதன் வயிற்றுக்குள் போவது 20 மில்லிகிராம். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 80 மில்லிகிராம். அதே எலி 500 கிராமாக வளர்ந்து 25 கிராம் தின்னும்போது அது கிலோவுக்கு 50 ஆக இறங்கிவிடும். தீவனம் மாறவில்லை, உடலுக்குள் போகும் நஞ்சின் அளவு மாறிவிட்டது. அதனால்தான் எடையும் தீனியும் பார்த்து அளவை ஒவ்வொரு வாரமும் மறுபடி கணக்கிடுகிறார்கள்.

கலப்பதிலும் கவனம் வேண்டும். பொருளை மொத்தத் தீவனத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு மூலையில் கட்டியாக நின்றுவிடும். முதலில் ஒரு பிடி மாவில் கலந்து, அதே அளவு மாவைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பெருக்க வேண்டும். பிறகு மேல், நடு, அடி என மூன்று இடத்தில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். இன்னொரு சிக்கல், ருசி. கசந்தால் எலி தின்னாது, மெலிந்துபோகும். நஞ்சால் மெலிந்ததா, பட்டினியால் மெலிந்ததா? அதைப் பிரித்தறிய, அந்த எலிகள் தின்ற அதே அளவு சுத்தத் தீவனம் மட்டும் கொடுக்கும் இன்னொரு குழுவை வைப்பார்கள். சிதறிய தீவனத்தையும் பொறுக்கி நிறுக்க வேண்டும். இல்லையென்றால் தின்னாததும் தின்றதாகக் கணக்கில் ஏறும்.

இதனால் யாருக்கு நன்மை என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நடந்தது சொல்கிறேன். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையிலிருந்து ஃபுமோனிசின் என்ற நஞ்சை 1988இல் பிரித்தெடுத்தவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கெல்டர்ப்ளோம், மராசாஸ் ஆகியோரின் குழுவினர். கிலோவுக்கு 50 மில்லிகிராம் கலந்த தீவனத்தை நீண்டகாலம் தின்ற ஆண் எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் வந்ததை 1991இல் வெளியிட்டார்கள். வேறு இன எலிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. எந்த இன எலி, எந்தத் தீவனம் என்று எழுதி வைக்காவிட்டால் முடிவுக்கு மதிப்பே இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. மக்கள் வாங்கும் மீலி மாவில் (மக்காச்சோள மாவில்) இந்த நஞ்சு கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2016இல் இங்கே சட்டம் வந்தது.

இனி உடனே செய்ய வேண்டியது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது கணிதம், பிசிக்கல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் மூன்றும் இருக்கட்டும். மார்க் கூடுதலாக வரும் என்று மாத்ஸ் லிட்டுக்கு (கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய பாடமான மேத்தமேட்டிகல் லிட்டரசிக்கு) மாற்றினால் மாட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிந்ததும் பி.எஸ்சி. கதவு மூடிவிடும், மற்றதையெல்லாம் பிறகு சரிசெய்யலாம், இதைச் சரிசெய்வது மிகக் கடினம். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்து, பி.எஸ்சி.க்குப் பிறகு வரும் ஆனர்ஸ் பட்டம் வரை போகட்டும். ஆனர்ஸும் மூன்று வருட அனுபவமும் இருந்தால்தான் விஞ்ஞானிகளைப் பதிவுசெய்யும் சாக்நாஸ்ப் (SACNASP) கவுன்சிலில் முழுத்தகுதி விஞ்ஞானியாகப் பதிய முடியும். அதற்குமேல் நச்சியலுக்குப் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டெர்ஸ்டெபூர்ட் கால்நடை மருத்துவ வளாகம், நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தின் பொச்செஃப்ஸ்ட்ரூம் வளாகம் ஆகிய இடங்கள் உண்டு. விலங்கின்மீது கைவைக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவோ அனுமதியோ தேவை. பட்டம் மட்டும் போதாது.

அவளுக்கு இழுப்பு உண்டென்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் ஒவ்வாமையைக் கிளப்பும், சிலருக்கு ஆஸ்துமாவாக முற்றும்.

உயிர்போக்கும் வேலை மட்டும் வேண்டாமென்றால் தீவன மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்வது, திசுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்ப்பது, புள்ளியியல், ஆவணத் தயாரிப்பு என்று வேறு பிரிவுகள் உண்டு, அவையும் நச்சியல்தான். எதை விரும்புகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.