60 சதவீத ஜமைக்கா ரம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஹாம்ப்டன் என்ற ஜமைக்கா ரம் வாங்கினேன், ஆல்கஹால் 60 சதவீதம். முகர்ந்ததுமே சுரீர் என்று மூக்கில் ஏறிவிட்டது. இதை எப்படித்தான் ருசிப்பது?

பதில்: அவசரப்படாதீர்கள். வாய் குறுகிய கிளாஸில் 20 மில்லி ஊற்றி, கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறம் கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் காரம் மட்டும்தான் தெரியும். முதல் மடக்கு நாக்கை நனைக்கும் அளவு போதும். அது நாக்கைப் பழக்குவதற்கு. ருசி பிடிபடுவது இரண்டாவது மடக்கில்தான்.

கேள்வி: தண்ணீர் விட்டால் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. 20 மில்லிக்கு 4 மில்லி தண்ணீர் விட்டால் 60 சதவீதம் 50 ஆகிவிடும். ஆனால் ஒரே ஊற்றாக வேண்டாம். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பாருங்கள். ஐஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், வாசனை அடங்கிவிடும்.

கேள்வி: நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி வாசம் வருகிறது சார். போலிச் சரக்கா?

பதில்: இல்லை, அசல்தான். நகப்பாலிஷ் வாசம் எத்தில் அசிடேட் என்ற எஸ்டருடையது, எஸ்டர் என்பது வாசனை தரும் ஒரு வகை வேதிப்பொருள். அதன் பின்னால் கனிந்த அன்னாசி வாசம் வரும், அது எத்தில் பியூட்டிரேட். ஜமைக்காவின் ட்ரெலானி பகுதியில் இருக்கும் ஹாம்ப்டன் ஆலையில் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகு) ஊறலுக்கு ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, காற்றிலும் தொட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டே புளிக்க வைக்கிறது. முந்தைய வடிப்பில் மிஞ்சிய டண்டர் என்ற திரவத்தையும், குழியில் அழுகிப் புளித்த ‘மக்’ (muck) என்ற கழிவுக் குழம்பையும் சேர்த்து, வாரக்கணக்கில் விடுவார்கள். அந்தப் புளிப்பில் உருவாகும் அமிலங்களும் ஆல்கஹாலும் சேர்ந்துதான் எஸ்டர் ஆகிறது. பாட் ஸ்டில் என்ற பானை போன்ற வடிகலத்தில் வடிப்பதால் அது நீங்காமல் ரம்மிலேயே தங்குகிறது. எஸ்டர் அளவுக்குத் தகுந்த குறியீடும் உண்டு. டிஓகே (DOK) என்ற குறியீடு என்றால் நூறு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1500 முதல் 1600 கிராம் எஸ்டர். அதை அப்படியே குடிப்பதற்கென்று வடிக்கவில்லை, வேறு சரக்குக்கு வாசனை ஏற்றத்தான். புதிதாக ஆரம்பிப்பவர் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: பீப்பாயில் எட்டு வருஷம் ஊறிய ரம்முக்கு இவ்வளவு விலையா? ஸ்காட்ச்சில் பன்னிரண்டு வருஷமே கிடைக்கிறதே?

பதில்: ஜமைக்கா வெயிலில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 6 சதவீதம் ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்தில் 2 சதவீதம்தான். ஜமைக்காவில் எட்டு வருஷத்தில் பத்தில் நாலு பங்கு போய்விடுகிறது. மரத்தின் சாரமும் அங்கே சீக்கிரமாக இறங்கும். வருஷத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

கேள்வி: கோக் கலக்கலாமா?

பதில்: ஊறிய ரம்மில் வேண்டாம், மனசு கேட்காது. கலக்க ஆசையாக இருந்தால் 63 சதவீத ரே அண்ட் நெஃப்யூ வெள்ளை ரம் வாங்குங்கள். ஜமைக்காவில் அதை டிங் என்ற கிரேப்ஃப்ரூட் சோடாவோடு குடிப்பார்கள், அருமையாக இருக்கும்.

கேள்வி: குடித்து முடித்ததும் கிளாஸைக் கழுவ வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

பதில்: காலையில் முகரத்தான். ராத்திரிக்குள் ஆல்கஹால் போய்விடும். என் கிளாஸின் அடியில் கருப்பட்டி நிறத்தில் ஒரு வளையம் காய்ந்திருந்தது. நகப்பாலிஷ் வாசம் துளிகூட இல்லை. பழுத்த வாழைப்பழமும், பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு மணமும்தான் இருந்தன.