கோட்டின் மார்புப் பையில் ஒரு கைக்குட்டை: கேள்வி பதில்

கோட் தைக்க வருபவர்கள் துணிக்கும் பொத்தானுக்கும் ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள். மார்புப் பையில் செருகும் பாக்கெட் ஸ்கொயரை மட்டும், கல்லாவில் பணம் கட்டும்போது கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 32 ஆண்டுகளாகச் சென்னையில் கோட் வெட்டித் தைக்கும் எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்தும். அந்த இரண்டு சாண் சதுரத் துணி முழு உடையையும் தூக்கி நிறுத்த வல்லது, கெடுக்கவும் வல்லது. இந்தக் கல்யாணப் பருவத்தில் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, டையும் பாக்கெட் ஸ்கொயரும் ஒரே துணியில், ஒரே பெட்டியில் செட்டாக வாங்கிவிட்டேன். அப்படியே அணிந்துகொள்ளலாமா?

பதில்: இரண்டையும் அணியுங்கள் தம்பி, ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஒரே துணி இரண்டு இடங்களில் தெரிந்தால், பார்ப்பவர் கண் டைக்கும் பைக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும், முகத்துக்கு வராது.

இதை நம் வீட்டுப் பெண்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து, மூன்று நெசவு நாடாக்களை ஓட்டி, பக்கத்தில் ஓர் உதவியாளையும் வைத்துக்கொண்டு இரண்டையும் இணைக்கிறார்கள். ஒரே நிறத்தில் நெய்தால் அந்த உழைப்பே தேவையில்லை. இரண்டு நிறங்கள் அருகருகே நின்று ஒன்றையொன்று எடுத்துக்காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாடு. டையும் பாக்கெட் ஸ்கொயரும் உடலும் கரையும் போல இருக்கட்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்கள் டையில் எந்த நிறம் மிகக் குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். கருநீல டையில் சிறிய அரக்குப் புள்ளிகள் என்றால், சந்தன நிறத்தில் அரக்கு விளிம்பு உள்ள கைக்குட்டையை எடுங்கள். டையில் ஒதுங்கி நிற்கும் நிறம் பையில் வந்து பேசும். துணியின் தன்மையிலும் இதே வழிதான். டை பளபளக்கும் பட்டு என்றால் பையில் மினுங்காத லினன் அல்லது பருத்தி. டை கம்பளியோ பின்னல் துணியோ என்றால் பையில் பட்டு.

கேள்வி: என் மகனுக்கு வரவேற்பு. அவனுக்குக் கருநீலக் கோட். மருமகளுக்கு மயில்கழுத்து நிறக் காஞ்சிப் பட்டு, அரக்குக் கரை. ரவிக்கைத் துணியில் மீதி இருக்கிறது. அதிலேயே வெட்டிப் பையில் வைத்தால் ஜோடியாக இருக்குமே?

பதில்: அம்மா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு ஜோடியாகத் தெரிய வேண்டும் என்றுதான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் அந்த மீதித் துணியைப் பைக்கு வெட்ட வேண்டாம். காஞ்சிப் பட்டு கனமானது, முறுக்கிய இழை. அதில் ஜரிகை வேறு. நான்காக மடித்தால் மார்பில் கட்டி போலப் புடைக்கும், உப்பலாக வைக்கும் பஃப் மடிப்பில் அடங்கவே அடங்காது. ஜரிகை கோட்டுத் துணியில் உரசி நூலை இழுக்கவும் செய்யும்.

அதே நிறத்தில் வேறு மெல்லிய பட்டு தேடி அலையவும் வேண்டாம். மயில்கழுத்து என்பது தனி நிறமல்ல. பாவில், அதாவது நெடுக்கு இழையில், ஒரு நிறமும் ஊடையில், அதாவது குறுக்கு இழையில், இன்னொரு நிறமும் ஓடுவதால்தான் அது ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரிகிறது. சாயம் தோய்த்த ஒற்றை நிறத் துணி அதன் பக்கத்தில் எப்போதும் சற்றுத் தவறிப்போனதாகவே தெரியும். மேடை விளக்கில் அந்தத் தவறல் இன்னும் பெரிதாகும்.

கரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரக்கு நிறத்தில் மெல்லிய மல்பெரிப் பட்டு, சுமார் 40 சென்டிமீட்டர் சதுரம், கையால் சுருட்டித் தைத்த விளிம்பு. கருநீலக் கோட்டில் அரக்கு நன்றாக எழும். பெண்ணின் கரை நிறத்தோடு பேசவும் செய்யும். டை வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். இன்னொன்று, வரவேற்பில் மாலை விழும். உப்பிய மடிப்பு ரோஜா மாலையின் கனத்தில் நசுங்கி, மாலையைக் கழற்றும்போது பாதி வெளியே தொங்கும். எத்தனையோ ஆல்பங்களில் அப்படிப் பார்த்துவிட்டேன். மாலை போடும் வரை தட்டையான மடிப்பாக வைத்துவிட்டு, கழற்றிய பிறகு உப்பலாக மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு மாப்பிள்ளைத் தோழனை முன்பே பழக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. பளிச்சென்ற நிறம் எனக்கு எடுபடாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பழுப்பு, சாம்பல் மட்டும்தானா எனக்கு?

பதில்: உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. அடர்ந்த நிறங்களை முழு வலுவோடு தாங்குவது கறுப்புத் தோல்தான். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், குங்குமச் சிவப்பு ஆகிய மூன்றையும் கண்ணாடி முன் பையில் வைத்துப் பாருங்கள். தூய வெள்ளை உங்களுக்குக் கத்தி போல் பளிச்சிடும். மாலை நிகழ்ச்சிக்கு அது மிக அழகு. பகலில் கொஞ்சம் இதமாக வேண்டுமென்றால் தந்த நிறம். அவர்கள் சொன்ன பழுப்பும் சாம்பலும்தான் உங்கள் முகத்தை மங்கச் செய்யும்.

கேள்வி: வெள்ளைச் சட்டை, வெள்ளை பாக்கெட் ஸ்கொயர். சலிப்பாக இல்லையா?

பதில்: இல்லை. ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருந்தால் வெள்ளை லினனை வாங்குங்கள். மாலை விருந்துக்கு அணியும் டின்னர் ஜாக்கெட்டுக்கும் அதுவே சிறந்தது.

கேள்வி: கட்டம் போட்ட கோட், கோடு போட்ட சட்டை, புள்ளி வைத்த டை. இதற்கு மேல் பையில் என்ன வைப்பது?

பதில்: ஏற்கெனவே மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது ஆள் அமைதியாக இருக்கட்டும்: ஒற்றை நிறம், வேண்டுமானால் விளிம்பில் மட்டும் ஒரு கோடு. வடிவம் உள்ள கைக்குட்டைதான் வேண்டும் என்றால் அளவை மாற்றுங்கள். டையில் சிறிய புள்ளி இருந்தால் கைக்குட்டையில் பெரிய இலையோ பெய்ஸ்லி மாங்காயோ வரலாம். பையில் தெரியப்போவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் என்பதால், பெரிய வடிவம் அங்கே வெறும் நிறத் திட்டாகவே தெரியும். சிறிய வடிவம் சிறிய வடிவத்தோடு மோதும்போதுதான் கண் கூசும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். மணல் நிற லினன் கோட்டுக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட கைக்குட்டை வாங்க நினைக்கிறேன். பொருந்துமா?

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோட்டின் பையில் மெட்ராஸ் கட்டத் துணி வருவது கைக்குட்டை தன் பழைய வீட்டுக்குத் திரும்புவது போன்றது. நம் பழவேற்காட்டின் பெயரே ஆங்கில அகராதியில் 'புலிகாட்' என்று வண்ணக் கைக்குட்டையைக் குறிக்கும் சொல்லாக நுழைந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்ததற்குத் துணி வணிகமே பெரிய காரணம். பின்னாளில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் 36 அங்குலச் சதுரங்களாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியதும் இந்தத் துணிதான். நைஜீரியாவில், நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துச் சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். கட்டத்தின் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, அதிலேயே புதிய வடிவங்களையும் உண்டாக்குகிறார்கள். நம் நெசவாளர் முடித்ததை இன்னொரு கலைஞர் அங்கே தொடர்ந்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1958ஆம் ஆண்டில் இதே துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. துவைத்ததும் சாயம் ஓடியதால் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். பிறகு விற்றவர்கள் அந்தச் சாயம் ஓடுவதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் கலந்து இதமாகின்றன என்பது அவர்கள் வாதம். கதை சுவையானதுதான், ஆனால் உங்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சிங்கப்பூர் வெக்கையில், வெளிர் நிறக் கோட்டில், சாயம் நிற்காத துணியை வைத்தால் வியர்வை ஈரத்தில் கறை இறங்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், சாயம் போவது நிற்கும்வரை குளிர்ந்த நீரில் தனியாக அலசிய பிறகு அணியுங்கள். மதுரைச் சுங்குடிக்கும் இதே சோதனை வேண்டும். கட்டத்தில் நீலமும் மஞ்சளும் இருந்தால் மணல் நிறத்துக்கு அருமையாக இருக்கும். டை வேண்டாம், கழுத்துப் பொத்தானைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: பையில் வைத்த அரை மணி நேரத்தில் கைக்குட்டை உள்ளே இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பட்டு வழுக்கும், பை ஆழமாக இருக்கும். அதுதான் காரணம். உங்கள் தையல்காரரிடம் சொல்லி, பையின் உள்துணியில் மேலிருந்து மூன்று அங்குலத்தில் குறுக்கே ஒரு தையல் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தற்காலிகமாக என்றால், பைக்குள் முதலில் ஒரு பருத்திக் கைக்குட்டையை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டுத் துணியை உட்கார வையுங்கள். அட்டையில் ஒட்டி மடித்தே விற்கும் பாக்கெட் ஸ்கொயர்களை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். துணிக்கு இருக்க வேண்டிய உயிர் அதில் இல்லை.

கேள்வி: புது ரெடிமேட் கோட்டில் மார்புப் பை திறக்கவே இல்லை. போலிப் பையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடையில் தொங்கும்போது வடிவம் கெடாமல் இருக்க ஓட்டுத் தையல் போட்டிருப்பார்கள். கோட்டின் உள்பக்கமாக விரலால் தடவினால் பைத்துணி தட்டுப்படும். தட்டுப்பட்டால் சிறிய கத்தரியால் அந்த நூலை மட்டும் நறுக்கி உருவுங்கள். பையின் இரு ஓரங்களில் இருக்கும் கெட்டித் தையலைத் தொட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வேலைக்கான நேர்காணலுக்குப் பாக்கெட் ஸ்கொயர் வைக்கலாமா?

பதில்: வெள்ளைப் பருத்தி, தட்டை மடிப்பு, ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே. அந்த அலுவலகத்தில் கோட் அணிபவரே குறைவு என்றால் பையைக் காலியாக விடுங்கள்.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நண்பர்கள் சிரிப்பார்களோ என்று பயந்து இதுவரை பாக்கெட் ஸ்கொயரே வைத்ததில்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: நிச்சயமாக இருக்கிறது. வெளிச்சமும் அடர்த்தியும் உங்களுக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? பொருத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். கைப்பேசியில் கோட்டையும் கைக்குட்டையையும் சேர்த்துப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிட்டால் வேறு எடுங்கள். தனித்தனியே தெரிந்தால் வையுங்கள். எல்லா நிறமும் தெரிகிறவர்களுக்கும் நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். நீல வகையோடு நின்றுகொண்டால் இன்னும் நிம்மதி: வெள்ளை லினன், வெள்ளையில் கருநீல விளிம்பு, வெளிர் நீலத்தில் வெள்ளைப் புள்ளி. சாம்பல், கருநீலம், காப்பிப்பொடி நிறம் என்று எந்தக் கோட்டோடும் இவை மூன்றும் சண்டை போடாது. தைரியமாக வையுங்கள்.

கேள்வி: வேட்டி சட்டையில் சட்டைப் பையில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டைப் பையின் மெல்லிய துணி தொங்கிப்போகும். தோளில் அங்கவஸ்திரம் இருக்கிறது. கரையும் நிறமும் அதுவே கொண்டுவரும். வேட்டியின் மேல் கழுத்து மூடிய பந்த்கலா கோட் அணிவீர்கள் என்றால் அப்போது தாராளமாக வையுங்கள். வேட்டிக் கரையின் நிறத்தைப் பைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையால் சுருட்டித் தைத்த விளிம்புள்ள பட்டு பாக்கெட் ஸ்கொயர் ஒன்று பரிசாக வந்தது. இஸ்திரி போட்டதும் விளிம்பு தட்டையாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. அந்த உருண்ட விளிம்புதான் அதன் அழகு. மடிப்பில் நிமிர்ந்து நிற்பதும் அதனால்தான். ஈர விரல்களால் விளிம்பை மட்டும் மெதுவாக உருட்டிவிட்டு நிழலில் உலர விடுங்கள், பெரும்பாலும் மீண்டும் எழும்பும். அடுத்த முறை பின்பக்கமாகத் திருப்பி, குறைந்த சூட்டில், விளிம்புக்கு அரை அங்குலம் முன்னாலேயே இஸ்திரியை நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டில் துளி விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். அலமாரியில் வைக்கும்போது அந்துருண்டை துணியைத் தொடாதபடி மெல்லிய பருத்தித் துணியில் சுற்றித் தளர்வாக வையுங்கள்.